முள் இல்லாத மீன்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, பிரசவத்துக்கு உதவியாக ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்திருந்த அத்தை, நான், மூன்று வயதுத் தம்பி, பிறந்து பத்தொன்பது நாளான தங்கச்சி. வாசலில் கூடையை இறக்கி வைத்திருந்த மீன்காரம்மாவையும் சேர்த்தால் ஏழு பேர். இதை நான் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். யாரையாவது விட்டுவிட்டேனோ என்று இப்போதும் சந்தேகம் வரும். வேறு யாரும் இல்லை.

அறுபதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயது. அப்பா விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் சுடுகிற சூளை ஒன்றில் வேலை செய்தார். ஓரம் உடைந்தது, வண்ணம் கலைந்தது என்று கழித்துப் போட்ட கிண்ணங்கள்தான் எங்கள் வீட்டில் புழங்கின. கடல் எங்களுக்குத் தூரம். ஆனாலும் கடலூரிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கும் மீன்காரம்மாவின் தயவில் வாரத்துக்கு இரண்டு நாளாவது வீட்டில் மீன் வாசம் அடிக்கும்.

வீட்டில் ஆளுக்கு ஒரு மீன். அப்பாவுக்குச் சம்பள நாளில் வஞ்சிரம் வறுவல். மற்ற நாளில் எந்த மீனாக இருந்தாலும் அதன் தலை. அத்தைக்கு ஏரி விரால்தான் மீன். கடல் மீனெல்லாம் ஒரே கவிச்சி என்பாள். சொல்லிக்கொண்டே இரண்டு துண்டு கூடுதலாகப் போட்டுக்கொள்வாள். தம்பிக்கு மீன் சினை. அம்மாவுக்கு நெத்திலி, அதுவும் மாங்காய் போட்ட குழம்பில்.

எனக்கு மீன் என்றாலே பயம். ருசி பிடிக்காமல் அல்ல, முள்ளுக்குத்தான். யாருக்கோ தொண்டையில் முள் சிக்கி ஆபரேஷன் வரைக்கும் போனது என்று கேள்விப்பட்டதிலிருந்து, ஒவ்வொரு வாயையும் நாக்கால் துழாவிப் பார்த்துத்தான் விழுங்குவேன். விழுங்கியதும் வெறும் சோற்றை உருட்டி இரண்டு உருண்டை. பிறகு படுக்கும் வரைக்கும் எச்சிலை விழுங்கி விழுங்கித் தொண்டையைச் சோதிப்பேன். அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துத் தருவாள். சுறாவில் மட்டும் அந்தத் தொல்லை இல்லை. நடுத்தண்டை எடுத்துவிட்டால் மீதியெல்லாம் சதை. சுறாப்புட்டு வைக்கிற நாளில்தான் நானும் மற்றவர்களைப் போலப் பேசிக்கொண்டே சாப்பிடுவேன்.

தங்கச்சி பிறந்ததும் அந்தச் சுறாவும் என் தட்டை விட்டுப் போனது. அம்மாவுக்குப் பால் போதவில்லை. பாப்பா சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுதே தூங்கிவிடும். பால்சுறா தின்றால் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அத்தை அதை மஞ்சள் போட்டு வேகவைத்து, மணல் மாதிரி நெருநெருக்கும் தோலை உரித்து, தண்ணீரைப் பிழிந்து உதிர்ப்பாள். மிளகாய் கிடையாது, மிளகும் கைநிறையப் பூண்டும் நல்லெண்ணெயும்தான். நீலக் கோடு போட்ட கிண்ணத்தில் வைத்து மூடிவிட்டு எங்களைப் பார்த்து விரலை ஆட்டுவாள்.

"இது மீனு இல்ல, பாலு. நீங்க ஒரு வாய் தின்னா பாப்பா ஒரு வாய் பட்டினி. தெரிஞ்சிக்கோங்க."

நான் ஒரு வாய் தின்றேன். அன்றைக்கு நாலு நாள் முன்பு, அத்தை கிணற்றடிக்குப் போயிருந்தபோது, மூன்று விரலில் அள்ளினது. அன்று சாயங்காலம் பாப்பா அழுத ஒவ்வொரு தடவையையும் எண்ணினேன்.

இனி அன்றைக்கு நடந்தது. காலையில் மீன்காரம்மா வந்ததும் அத்தை சண்டையை ஆரம்பித்துவிட்டாள்.

"போன வாட்டி நீ குடுத்ததுல பாதி தோலுதாம்மா. காசு மட்டும் முழுசா வாங்கினு போனியே."

"கடல்லயே அது தோலோடதான் பொறக்குது. நானா சட்ட போட்டு வுட்டேன்?" என்றாள் மீன்காரம்மா.

அப்பாகூடச் சிரித்தார். அந்த நேரத்தில் அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அண்ணி, விடியக்காலத்துலேர்ந்து வாயே வெக்க மாட்டேங்குது," என்று அத்தையிடம் சொன்னாள். மீன்காரம்மா முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு பாப்பாவின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். அவள் முகம் மாறிப்போனது.

"அனலா கொதிக்குதே. சுறா கெடக்கட்டும், மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பேரம் பேசாமல் ஒரு சுறாவை எங்கள் சட்டியில் போட்டுவிட்டு, அவளே முனைக்கு ஓடிப்போய் ஒரு குதிரை வண்டியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்பாவும் அம்மாவும் பாப்பாவோடு ஏறிப் போனார்கள். அத்தை மட்டும் அடுப்பைப் பற்ற வைத்தாள். "திரும்பி வந்ததும் புள்ளைக்குப் பசிக்குமில்ல," என்று சட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

உச்சி வெயிலில் வண்டி திரும்பி வந்தது. அம்மா மட்டும் இறங்கினாள்.

"பாப்பா எங்கம்மா?"

அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "ஆஸ்பத்திரில வெச்சிருக்காங்க. அப்பா கூட இருக்காரு. போய் வெளயாடு," என்றாள்.

நான் விளையாடப் போகவில்லை. கதவருகிலேயே நின்றேன். அம்மா அடுக்களையில் போய் உட்கார்ந்து, நீலக் கோட்டுக் கிண்ணத்தை எடுத்துத் திறந்து என்னைக் கூப்பிட்டாள்.

"வா. சாப்புடு."

"அது பாலும்மா. பாப்பாவுக்கு."

"பரவால்ல. நீ தின்னு."

நான் திருடித் தின்றது தெரிந்துவிட்டது, அதற்குத்தான் இப்படி என்று பயந்தேன். அம்மா அடிக்கவில்லை. சோற்றில் புட்டைப் பிசைந்து அவளே ஊட்டினாள். சுறாவில் முள் கிடையாது என்று அவளுக்குத் தெரியாதா? இருந்தும் ஒவ்வொரு வாயையும் விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்தே கொடுத்தாள். ரவிக்கை முன்புறம் நனைந்திருந்தது. தண்ணீர் குடிக்கும்போது சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். அத்தனை நாள் ஊறாத பால் அன்றைக்குத்தான் நன்றாக ஊறியிருந்தது. எனக்கு அப்போது அது தெரியாது. கிண்ணத்தை வழித்துத் தின்றேன். அந்த மாதத்தில் நான் முள் பயமில்லாமல் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான்.

சாயங்காலம் அத்தை மல்லிகைப் பூ வாங்கி வந்தாள். அம்மா பூ வைத்துக்கொள்ளப் போகிறாள், அப்படியென்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். ஆனால் அத்தை சரத்தைப் பிரித்துத் துணியில் பரப்பி, அம்மாவின் மார்பில் வைத்து இறுக்கிக் கட்டினாள்.

"அத்த, எனக்கும் பூவு," என்றேன்.

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஒரு துண்டு கிள்ளி என் சடையில் வைத்துவிட்டாள். பால் வற்றுவதற்காக அப்படிக் கட்டுவார்கள் என்பது, நானே ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

பாப்பா இனி வராது என்று ஒரு வாரம் கழித்துச் சொன்னார்கள். பிறந்து ஒரு மாதம் நிறையாத பிள்ளைக்கு ஊரைக் கூட்டி அழுவதில்லை. அப்பாவும் சூளை ஆட்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆற்றங்கரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஜன்னி கண்டுவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். எனக்கோ அந்த மூன்று விரல் புட்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவைத் தனியாக விட்டுப் போகப் பயந்து, பள்ளிக்கூடத்துக்கும் போகாமல் நின்றுவிட்டேன்.

மீன்காரம்மா அதற்குப் பிறகும் எங்கள் தெருவுக்கு வந்தாள். "வஞ்சிரம், சங்கரா, பால்சுறா" என்று முனையிலிருந்தே கூவிக்கொண்டு வருவாள். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே குரல் நின்றுவிடும். எங்கள் வாசலைச் சத்தமில்லாமல் கடந்து, அடுத்த சந்து திரும்பிய பிறகுதான் மறுபடி கூவுவாள். அன்றைக்குச் சட்டியில் போட்ட சுறாவுக்கு அவள் காசு கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் யாருக்கும் அது நினைவில்லை. அந்தக் கோபத்தில்தான் எங்கள் வீட்டைக் கண்டதும் வாயை மூடிக்கொள்கிறாள் என்று, அவள் தாண்டிப் போகும்வரை கதவிடுக்கில் ஒளிந்துகொள்வேன்.

ஒருநாள் துணிந்து அவள் பின்னால் ஓடினேன். "காசு அப்பா குடுத்துடுவாரு," என்றேன்.

அவள் திரும்பி நின்றாள். "உங்கம்மா சாப்புடுதா, கண்ணு?"

"சாப்புடுது."

"சரி, வூட்டுக்குப் போ. வெயிலு."

காசைப் பற்றி அவள் பேச்சே எடுக்காததால், கோபம் இன்னும் தீரவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு பால்சுறாவுக்கு அத்தை வழக்கமாகக் கொடுப்பது ஒரு ரூபாய் இருபத்தைந்து பைசா.