அம்புக்குறி நின்ற கட்டம்

கட்சால் தீவிலிருந்து துறைமுக நகருக்கு வந்து, ஜங்லிகாட்டில் எங்கள் பக்கத்து வீட்டில் தங்கியிருந்த அக்காவுக்குச் சென்னைக் கப்பலில் முன்பதிவு செய்துகொடுக்க ஒப்புக்கொண்டேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். மார்பில் கட்டி என்று சென்னையிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைத்திருந்தார்கள். ஊரில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த மகளிடமோ, மெயின்லேண்டில் ஒரு கல்யாணம் என்றுதான் சொல்லியிருந்தார்.

"பரீட்சை முடியட்டும் புள்ள. பொறவு பக்கத்துல உக்காந்து நானே சொல்லிக்கிறேன்."

முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்துவிடும். ஒத்திகை பார்க்க வழியில்லை. உண்மையான முன்பதிவையே திரையோடு படம்பிடித்தால் தீவுக்காரர்கள் எல்லாருக்கும் உதவும் என்று நினைத்தேன். மடிக்கணினியிலேயே அதற்கு வசதி உண்டு. விண்டோஸ், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தி, படிவம் அடங்கும்படி எல்லையை இழுத்து, மைக்கையும் இயக்கினேன். திரையைப் பதிவு செய்யலாமா என்று அக்காவிடம் கேட்டேன், தலையாட்டினார். எவையெல்லாம் பதிவாகும் என்று நான் சொல்லவில்லை.

"ஜஹாஜ் டிக்கெட் கெடைக்கிறதுக்குள்ள ரப்பர் மரத்துல பாயாசம் வடியும்," என்றார்.

கிடைத்தது. குரல் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்து, பதிவை வாட்ஸப் குழுக்களுக்கு அனுப்பினேன். நன்றிகள் குவிந்தன. அவற்றை மகிழ்ச்சியோடு எண்ணினேன் என்பதையும் இங்கே மறைக்கக்கூடாது.

மூன்றாம் நாள் காலை அக்கா வாசலில் வந்து நின்றார். பதிவு கட்சாலுக்குப் போய், மகளின் கைக்கும் போயிருந்தது.

"நல்லதுக்குத்தான் செஞ்ச. ஆனா அவ இத என் வாயால கேட்டிருக்கணும். இப்போ பரீட்சைக்கே போவ மாட்டேங்குறா."

குழுக்களிலிருந்து பதிவை நீக்கினேன். அதற்குள் எத்தனையோ கைபேசிகளில் அது இறங்கியிருந்தது. என் கணினியில் முதன்முறையாக அதை முழுதும் பார்த்தேன். 'காரணம்' என்ற கட்டத்தில் நோயின் பெயர் தெரிந்தது. என் குரல், இதைத் தெளிவாக எழுதினால்தான் முன்னுரிமை கிடைக்கும் என்று விளக்கியது. எவர் கண்ணுக்கும் தப்பிவிடக்கூடாதென்று அம்புக்குறியால் அந்தப் பெயரை இரண்டு முறை வட்டமிட்டிருந்தேன்.

"சென்னைக்கு அடுத்த ஜஹாஜ் பாத்துக்கலாம். கேன்சல் பண்ணிரு. நான் ஊருக்குப் போயி அவகூட இருக்கணும்."

சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மன்றாடினேன். அவர் கேட்கவில்லை. கேட்கச் சொல்லும் உரிமையும் எனக்கு மிச்சமில்லை. ரத்துப் படிவமும் காரணம் கேட்டது. தட்டச்சு செய்யாமல் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"சொந்தக் காரணம்னு போடு, புள்ள. அது போதும்."