வண்டியின் உயரம்

கம்பெனி யார்டில் அவளை எல்லோரும் ஸ்டியரிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கணவருக்கு நெட்டை என்று பெயர். ஆறடியைத் தாண்டி வளர்ந்த மனுஷன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் கேபினையே சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டது மாதிரி இருக்கும். இருவருமே லாரி டிரைவர்கள். அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓட்டுகிறவர். அவள் கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் பரீட்சையில் அவரைவிட நன்றாக ரிவர்ஸ் எடுத்துக் காட்டியவள். இன்றைக்கும் சண்டை வந்தால் அதைத்தான் முதலில் சொல்லிக்காட்டுவாள்.

பல வருஷம் இருவரும் ஒரே வண்டியில் ஓடினார்கள். தூரத்து லோடு என்றால் வண்டிக்கு இரண்டு டிரைவர் போடுகிற காலம் அது. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற படுக்கையில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இருவரும் ஒன்றாக விழித்திருந்த நேரம் கொஞ்சம்தான். ஆனாலும் திரைக்குப் பின்னாலிருந்து வருகிற குறட்டை, என்ஜின் சத்தத்தோடு கலந்து அவள் காதுக்குப் பழகிப்போயிருந்தது. ஏதாவது பள்ளத்தில் வண்டி குலுங்கி அந்தக் குறட்டை நின்றுபோனால், என்னவோ பெல்ட் அறுந்துவிட்டது போல அவளுக்கு நெஞ்சு திக்கென்கும். உள்ளேயிருந்து, "ஒண்ணும் இல்ல, நீ ஓட்டு" என்று குரல் வந்த பிறகுதான் மூச்சு வரும்.

அந்த வாழ்க்கை ஒரு சின்னப் பெட்டியால் முடிந்துபோனது. லாரிக்காரர்களுக்கென்றே செய்த வழிகாட்டிக் கருவி அது. கண்ணாடியில் ரப்பர் பிடிப்பால் ஒட்டிக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டில் பாதி அகலத்துக்குத் திரை விரித்து உட்கார்ந்திருக்கும். எந்த வண்டிக்கு எந்த லோடு என்று ஆபீஸில் டிரிப் போடுகிற தம்பி ஒரு நாள் காலையில் வந்து, அவள் வண்டியில் அதை மாட்டிவிட்டுச் சொல்லிக்கொடுத்தான்.

முதலில் வண்டியைப் பற்றி அதற்குச் சொல்ல வேண்டும். உயரம் எவ்வளவு, நீளம் எவ்வளவு, லோடோடு சேர்த்து எடை எவ்வளவு, ஏற்றியிருப்பது தீப்பற்றுகிற சரக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். பதிலைத் தட்டிவிட்டால் அந்த அளவு வண்டி போகக்கூடிய பாதையை மட்டும் காட்டும். தாழ்ந்த பாலம், எடை தாங்காத பாலம், லாரிக்குத் தடை போட்ட தெரு எல்லாவற்றையும் தானே ஒதுக்கிவிடும். இறக்கம் வருகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கும். இவ்வளவு நேரம் ஓட்டிவிட்டாய், இனி ஓய்வெடு என்றுகூடச் சொல்லும். இரண்டு பேர் தலைக்குள் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததைவிட அதற்கு அதிகம் தெரிந்திருந்தது. அதில் அவளுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

"நல்ல சாமான்தான் தம்பி. இது குறட்டை விடுமா?"

"விடாதுக்கா," என்று சிரித்தான் தம்பி.

"அதான் பாத்தேன்."

இந்தப் பெட்டி இருந்தால் ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர் போதும் என்று ஆபீஸில் கணக்குப் போட்டுவிட்டார்கள். அவளுக்கு ஒரு வண்டி, நெட்டைக்கு ஒரு வண்டி. அவள் கிழக்கே போனால் அவர் மேற்கே. அவள் வீட்டுக்கு வந்தால் அவர் கிளம்பியிருப்பார்.

பெட்டியில் பேசுகிற குரலை மாற்றிக்கொள்ளலாம். அவள் ஆண்குரலை வைத்துக்கொண்டாள். போனில் ஒரு தடவை அது நெட்டையின் காதில் விழுந்துவிட்டது.

"யாருடி அவன்? என் பொண்டாட்டிய வலது பக்கம் திரும்புன்னு அதட்டறான்?"

"அதட்டல. 'திரும்பவும்'னு மரியாதையாச் சொல்றார். நீங்க 'திருப்புடி திருப்புடி'ன்னு உயிரை வாங்குவீங்க."

"சரி சரி. ரொம்ப மரியாதை குடுத்தான்னா கொஞ்சம் ஜாக்கிரதையா இரு."

சிரித்தாள். போனை வைத்ததும் கேபின் காலியாக இருந்தது.

அவர்கள் வீடு இரண்டு அறை, ஒரு சமையலறை. இருவரும் முறைபோட்டுக் குடியிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் கதவைத் திறந்து உள்ளே வரும்போது அவருடைய ஷேவிங் சோப்பு சில நாள் இன்னும் ஈரமாக இருக்கும். தலையணையில் அவர் தலைப் பள்ளம் அப்படியே இருக்கும். அதை அவள் தட்டிச் சரிசெய்ய மாட்டாள். அடுத்த பக்கம் படுத்துக்கொள்வாள். அடுப்பின் மேல் அவர் ஏதாவது சமைத்து மூடி வைத்திருப்பார். உப்பு எப்போதும் ஒரு கை அதிகம். திட்டிக்கொண்டே வழித்துத் தின்பாள்.

கம்பெனி வண்டி ஏதாவது பக்கத்தில் வந்தால் பெட்டியின் திரையில் நீல அம்புக்குறியாகத் தெரியும்; மேலே வண்டி நம்பர் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் நெட்டையின் நம்பர் எதிர்த்திசையில் ஊர்ந்து வருவதை அவள் பார்த்தாள். உடனே போன் போட்டாள்.

"என்னங்க, நீங்க என்னைப் பாத்துத்தான் வந்துகிட்டு இருக்கீங்க!"

"நானும் பாத்துட்டேன். லைட்டைப் போடு."

இரண்டு அம்புகளும் நெருங்கின. நடுவில் தடுப்புச் சுவர். எதிரே ஒரு பஸ், ஒரு தண்ணீர் வண்டி, அப்புறம் அவருடைய லாரி. நீளமாக ஒரு ஹாரன். ஜன்னலுக்கு வெளியே நீண்ட ஒரு கை. முகத்தைப் பார்த்தாளா என்று கேட்டால் அவளால் சத்தியம் செய்ய முடியாது. கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்து, திரையில் அவர் அம்பு அவளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"மெலிஞ்சு போயிட்ட," என்றார் போனில்.

"அதுக்குள்ள அது தெரிஞ்சுதா?"

"தெரியாதா பின்னே?"

அதன் பிறகு அவளுக்கு அந்தத் திரையைப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது. எப்போதாவது ஒரு தடவைதான் அப்படி வாய்க்கும். வாய்த்த அன்று நாள் முழுக்கச் சின்னப் பெண் மாதிரி இருப்பாள். அது போகப்போகப் போதவில்லை. ஒருவேளைச் சோற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வேண்டும், அவ்வளவுதான் என்று தோன்றியது.

நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் இரண்டு பக்கமும் லாரி நிறுத்துமிடம் இருந்தது. நடுவே நடந்து கடக்க ஒரு பாலம். இருவரும் ஒரே நாளில் அதைத் தாண்டிப் போகும்படி டிரிப் அமைந்தபோது, ஓய்வு நேரத்தை அங்கேதான் எடுப்பது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். அவள் புதுச் சட்டை போட்டுக்கொண்டாள். போகிற வழியில் வண்டி நின்ற இடத்திலெல்லாம் கண்ணாடியைத் திருப்பித் தலையைச் சீவிக்கொண்டாள். ஐம்பதை நெருங்குகிறவளுக்கு இது என்ன கூத்து என்று தன்னையே கேட்டுவிட்டு, மறுபடியும் சீவினாள்.

இன்னும் கொஞ்ச தூரம்தான். அப்போது பெட்டி பேசியது. முன்னால் விபத்து, போக்குவரத்து நின்றுவிட்டது, மாற்று வழி இருக்கிறது, அடுத்த பிரிவுச் சாலையில் இறங்கவும் என்றது. எதிரே வரிசையாகப் பிரேக் விளக்குகள் சிவந்துகொண்டிருந்தன. நெரிசலில் நின்றால் எப்படியாவது ஊர்ந்து போய்ச் சேர்ந்துவிடலாம். அவர் அதுவரை காத்திருப்பார். ஆனால் அவள் வண்டியில் இருந்தது ஆஸ்பத்திரிகளுக்கான மருந்து. குளிர் குறையக் கூடாது, தாமதம் ஆகக் கூடாது. அவள் இண்டிகேட்டரைப் போட்டு இறங்கினாள்.

போன் அடித்தது. "எங்கம்மா போற? அம்பு வேற பக்கம் போகுதே."

"மருந்துங்க," என்றாள்.

"போ போ. சரியாத்தான் செஞ்ச."

"சாப்பிட்டீங்களா?"

"உன்னோடதையும் சேத்துச் சாப்பிட்டாச்சு. வயிறு முட்டிப்போச்சு."

அன்றைக்கு நெட்டை பாலத்தின் நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றதாகவும், சாப்பாட்டுப் பொட்டலம் இரண்டும் பிரிக்காமல் கையிலேயே இருந்ததாகவும் வேறொரு டிரைவர் பின்னால் சொன்னார். அவள் அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

அந்த டிரிப் முடிந்து யார்டுக்குத் திரும்பியதும் நேரே போய் டிரிப் போடுகிற தம்பியின் மேஜைக்கு முன்னால் நின்றாள். "எங்களை மறுபடி ஒரே வண்டில போடு தம்பி."

"அக்கா, அது என் கையில இல்லையே. ரெண்டு டிரைவர் வண்டியே இப்ப கம்பெனில கிடையாது." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "பாக்கறேன்கா. என்ன முடியுதுன்னு பாக்கறேன்."

ஆபீஸில் 'பாக்கறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பையன் நிஜமாகவே பார்த்தான். மழைக்காலம் முடிந்த பிறகு, புதிதாகத் திறந்த ஒரு கிடங்குக்கு இரண்டு லோடு ஒரே காலையில் கிளம்ப வேண்டியிருந்தது. ஒன்றை அவளுக்கும் ஒன்றை நெட்டைக்கும் போட்டான். ஒரே வண்டி இல்லை. ஆனால் ஒரே சாலை, ஒரே திசை.

அந்தக் காலை மாதிரி ஒரு காலையை அவள் பார்த்ததில்லை. பக்கக் கண்ணாடி நிறைய அவருடைய லாரி. அவள் தடம் மாறினால் அதுவும் மாறும். மேட்டில் அவள் வேகம் குறைந்தால் பின்னாலிருந்து கிண்டலாக ஒரு ஹாரன் வரும். போனில் பேசக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கண்ணாடியையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஓய்வுக்கு நிறுத்திய இடத்தில் அவர் தன் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அவள் கேபினுக்குள் முதுகை வளைத்து ஏறினார். இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கொஞ்ச தூரம் வரை இரண்டிலும் ஒரே கோடு. அதன் பிறகு அவள் கோடு நேராகப் போனது. அவருடையது பிரிந்து மலையடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

"நேர் வழில ரயில் பாலம் இருக்குல்ல. என்னோடது உயரமான கண்டெய்னர். தலை இடிக்கும்," என்றார்.

"என்னோடது போகுமா?"

"தாராளமா. நீ முன்னாடி போயி இறக்கிடு. நான் சுத்தி வந்து சேர மத்தியானம் தாண்டிரும்."

"அதுக்குள்ள எனக்கு அடுத்த லோடு குடுத்துடுவாங்க."

அவர் டயரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனார். வெளியே ஒவ்வொரு டயராக அவர் உதைத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. அவள் தன் பெட்டியில் வண்டி விவரங்களைத் திறந்தாள். உயரம் என்று இருந்த இடத்தில் தன் வண்டியின் அளவை அழித்துவிட்டு, அவர் வண்டியின் அளவை அடித்தாள். பெட்டி ஒரு கணம் யோசித்தது. கோடு நெளிந்து, மலையடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. இந்தத் தடவை லோடு வெறும் நாற்காலிகள். யாருக்கும் அவசரமில்லை என்பதைக் கிளம்பும்போதே கேட்டு வைத்திருந்தாள்.

பிரிகிற இடம் வந்தது. பெட்டி இடப்பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினாள். உடனே போன்.

"ஏம்மா, இந்தப் பக்கம் ஏன் திரும்பின? உன் வழி நேரா இல்ல போகுது?"

"பெட்டி சொல்லுதுங்க."

"அது எப்படிச் சொல்லும்?"

"எனக்கென்ன தெரியும்? மரியாதையாச் சொல்றார், திரும்பிட்டேன்."

போனில் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிப்பு முடிகிற இடத்தில் மூக்கை உறிஞ்சினார். "ரோட்டைப் பாத்து ஓட்டுடி," என்றார்.

மலையடிவாரச் சாலை குறுகலாக, வளைவாக இருந்தது. இருபக்கமும் மரங்கள். அவர் முந்திக்கொண்டு முன்னால் போகிறேன் என்றார். வேண்டாம், பின்னாலேயே வாருங்கள் என்றாள். ஒவ்வொரு வளைவிலும் அவர் வண்டி கண்ணாடியிலிருந்து மறையும். மறுபடி தெரிகிற வரை அவள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போவாள். அந்தச் சாலை இன்னும் நீளமாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள்.

கிடங்கில் வரிசை நீண்டிருந்தது. இரண்டு வண்டிகளையும் ஒட்டி நிறுத்தினார்கள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அவர் அவள் கேபினுக்கு வந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். டிபன் டப்பாவைத் திறந்து ஒரே மூடியில் பகிர்ந்து தின்றார்கள். அவளிடம் சொல்ல ஒரு மூட்டை இருந்தது. சமையலறைக் குழாயை மாற்றியது, பக்கத்து வீட்டுப் பூனை அவருடைய பழைய ஷூவுக்குள் குட்டி போட்டது, தன் வலது தோள் கியர் மாற்றும்போது வலிக்க ஆரம்பித்திருப்பது, சில நாள் காலி வீட்டுக்கு வரவே பயமாக இருக்கிறது என்பது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே ஆப்பிளை நறுக்கி நீட்டினாள். அவர் ஒரு துண்டைக் கடித்துவிட்டு மீதியை டாஷ்போர்டின் மேல் வைத்தார். மென்றபடியே தலை சாய்ந்து, ஜன்னல் கண்ணாடியில் நெற்றி முட்ட, தூங்கிப்போனார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். போன் அதிர்ந்தது. டிரிப் போடுகிற தம்பி.

"அக்கா, உங்க வண்டி எப்ப வளர்ந்துச்சு? சிஸ்டத்துல உயரம் மாறியிருக்கே."

"மெதுவாப் பேசு தம்பி, அண்ணன் தூங்கறார்," என்றாள் கிசுகிசுப்பாக. "வளர்ற வயசுதானே அதுக்கு."

"சரிக்கா. வர்றதுக்கு முன்னாடி பழைய அளவை மறுபடி போட்டுருங்க. இந்த ஒரு தடவை நான் பாக்கல. அடுத்த தடவை மேல கேப்பாங்க."

"போட்டுடறேன்."

வரிசை ஒவ்வொரு வண்டியாக நகர்ந்தது. அவரை எழுப்பிப் பேசலாம். நாள் கணக்காக ஓட்டிக் களைத்த உடம்பு. கண்ணுக்குக் கீழே கருவளையம். முகத்தை இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம் பார்த்து எத்தனை காலமாயிற்று! மோவாயில் நரை கூடியிருந்தது. சட்டைக் காலரில் ஒரு பொத்தான் இல்லை. அவர் முகத்தில் விழுந்த வெயிலை மறைக்க, சீட்டுக்கு மேலிருந்த வெயில் மறைப்பை மெல்லத் திருப்பிவிட்டாள்.

கிடங்கு ஆள் வந்து கதவைத் தட்டினார். "உயரமான கண்டெய்னர் யாரோடது? இறக்குமேடை காலியாயிடுச்சு, வண்டியைக் கொண்டாங்க."

நெட்டை திடுக்கிட்டு எழுந்து கண்ணைத் தேய்த்தார். "தூங்கிட்டனா? எழுப்பியிருக்கலாம்ல! என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. உங்க ஷூவுல பூனை குட்டி போட்டிருக்கு. வீட்டுக்குப் போனா பாத்துக் கால வைங்க."

"எந்த ஷூ?"

"பழசு."

"நல்லவேளை," என்று அவள் தலையில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு இறங்கினார். வளைந்த முதுகை நிமிர்த்திக்கொண்டு தன் வண்டிக்கு நடந்தார். அது பீப் பீப் என்று கத்தியபடி பின்னால் நகர்ந்து, கிடங்கின் சுவருக்கு அந்தப் பக்கம் மறைந்தது. அவளுக்கு வேறு மேடை.

அவள் டிபன் டப்பாவை மூடினாள். அவர் கடித்து வைத்த ஆப்பிள் துண்டு டாஷ்போர்டின் மேல் பழுப்பேறிக் கிடந்தது. அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.