விருப்பப் பட்டியலில் முதல் இடம்

எங்கள் பக்கத்தில் யாரும் கல்லூரியில் சேர்வதில்லை, பஸ்ஸில்தான் சேர்கிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் பெற்றோரைப் பிடித்து, பெண்ணை எங்கே சேர்க்கப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கல்லூரியின் பெயர் வராது. "இங்க முக்குல வந்து நிக்குதுங்களே, அந்த மஞ்ச பஸ்ஸு, அதுலதானுங்க" என்பார்கள். வாத்தியார்கள் நிலையாக இருக்கிறார்களா, லேபில் சாமான் இருக்கிறதா, படித்து முடித்தவர்களுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டால், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி என் முகத்தைப் பார்ப்பார்கள். பெண் வீட்டு முன்னால் ஏறி வீட்டு முன்னாலேயே இறங்குகிறாள். இதற்கு மேல் ஒரு கல்லூரிக்கு என்ன லட்சணம் வேண்டும்?

நான் எடப்பாடிக்குப் பக்கத்தில் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். உயர்கல்வி வழிகாட்டி என்ற பொறுப்பையும் தலைமையாசிரியர் என் தலையில் கட்டியிருக்கிறார். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, தனி ரத்தக்கொதிப்பு உண்டு. கோடை விடுமுறை முழுக்க எனக்குப் பள்ளிக்கூடம்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று ஒவ்வொரு பெண்ணையும் இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் விரட்டுவேன். பிறகு அம்மா அப்பாவை உட்காரவைத்து ஆதியிலிருந்து ஆரம்பிப்பேன். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது, அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசாங்கமே கட்டிவிடும், மாதாமாதம் பெண்ணின் கணக்கில் கைச்செலவுக்கும் பணம் வரும் என்று தொண்டை வற்றச் சொல்வேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சும்மா குடுக்கறாங்கன்னா அதுல என்ன இருக்கப்போவுதுங்க டீச்சர்?" என்பார்கள். அதே ஆட்களிடம் டை கட்டிய ஒரு பையன் வந்து, "உங்க பொண்ணுக்கு ஃபீஸே வேண்டாம், எங்க காலேஜ் பாத்துக்கும்" என்று அரசாங்கப் பணத்தைத் தன் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல் சொன்னால் போதும், காபி போட எழுந்துவிடுவார்கள். எரிச்சல் வருமா வராதா?

சில வருடங்களுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் வாய்த்தாள். உயரமானவள் என்று கடைசி பெஞ்சில் உட்காரவைத்திருந்தோம். கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவள் பார்த்துவிடாமல் கையால் மூடிக்கொண்டு, அடுத்தது எப்போது வரும் என்று என்னைப் பார்த்தபடி இருப்பாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். கரண்ட் குறைவாக வரும்போது தறி மோட்டார் ஏன் சூடாகிறது என்று ஒருநாள் வகுப்பில் கேட்டாள். பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வி. நான் பதில் சொல்லச் சொல்ல அடுத்தடுத்துக் கேட்டு, மணி அடித்த பிறகும் என்னை விடவில்லை. எலக்ட்ரிக்கல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வாங்கிய மதிப்பெண்ணுக்கு, சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் அது கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். என் காலத்தில் ஒரு பெண்ணையாவது அங்கே கொண்டுபோய் உட்காரவைத்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு.

ஒரே சங்கடம், அவர்கள் ஊரிலிருந்து தினமும் போய்வர முடியாது. விடுதியில்தான் தங்க வேண்டும். அதைப் பேச வீட்டுக்குப் போனேன். வீடும் தறிக்கூடமும் ஒன்று. எனக்காக அவளுடைய அப்பா ஒரு தறியை மட்டும் நிறுத்தினார். மற்றவை ஓடிக்கொண்டிருக்க, பெண் படிப்பின் பெருமையை நான் சந்தைக்காரி மாதிரி கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"பொட்டப்புள்ளைய ஆஸ்டல்ல உட்டுப்போட்டு நாங்க எப்படீங்க இங்க நிம்மதியா தறி ஓட்டறது?" என்று அவரும் கத்தினார்.

சரி, கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று இரண்டு பேரையும் ஒருநாள் சேலத்துக்குக் கூட்டிப் போனேன். மின்சார லேபைக் காட்டினேன். அப்பா மரியாதைக்குத் தலையாட்டினார். நூலகத்தைக் காட்டினேன், அதற்கும் ஆட்டினார். விடுதிக்குப் போனதும்தான் இருவருக்கும் உயிர் வந்தது. அம்மா குளியலறைத் தாழ்ப்பாள் ஒவ்வொன்றையும் போட்டுத் திறந்து பார்த்தார். அப்பா வாட்ச்மேனிடம் போய், சாயங்காலம் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேட்டார். பதில் கிடைத்ததும், "அப்பச் சேரி, சேத்தலாமுங்க" என்றார். நாலு வருடப் படிப்பு ஒரு பூட்டால் முடிவானது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் எப்படியோ ஒப்புக்கொண்டார்களே என்று மனதுக்குள் குதித்தேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா மெதுவாக ஆரம்பித்தார். "எதுக்கும் எந்தம்பிய ஒரு வார்த்த கேக்கோணுமுங்க டீச்சர். தாய்மாமன் இருக்கறப்ப நாங்களா முடிவு பண்ணுனா நல்லா இருக்காதுங்க."

அந்தத் தம்பி யார் என்று எனக்குத் தெரியும். சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் ஊர் சுற்ற முடியாது என்று வேலையை மாற்றிக்கொண்டவர். இப்போது ஓட்டுவது முக்கில் வந்து நிற்கும் அதே மஞ்சள் பஸ். அந்தக் கல்லூரியில் வாத்தியாரிலிருந்து டிரைவர் வரைக்கும் கோடையில் வீடு வீடாகப் போய் மாணவர்களைச் சேர்த்துவிட வேண்டும். ஆளுக்கு இத்தனை பேர் என்று சொல்லியும் வைத்திருப்பார்கள். கசாப்புக் கடைக்காரரிடம் போய் ஆட்டுக்கு யோசனை கேட்கிற கதைதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தாய்மாமன் என்று வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பேச்சே இல்லை. காது குத்துக்கு மடியில் உட்காரவைத்தவர், வயசுக்கு வந்தபோது தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்தவர், நாளைக்குக் கல்யாணத்துக்கும் முன்னால் நிற்கப் போகிறவர். அவரைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு ஆட்டுக்குட்டிகூட விற்க மாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது நானும் போயிருந்தேன். சண்டைக்குத் தயாராக, சொல்ல வேண்டிய நியாயங்களை எல்லாம் வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டு போனேன். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. அவர் காபியைக் குடித்தார். சேலம் கல்லூரியைப் பற்றி அக்கா சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். "கவருமெண்டு காலேஜுங்களா? நல்லதாப் போச்சு. சேத்துங்கக்கா" என்றார். தன் கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண்ணின் தலையைத் தடவி, "நல்லாப் படி சாமி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்தப் பெண் வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தாள். அவளைக் கவனிக்க எனக்கு எங்கே நேரம்? நான் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

கலந்தாய்வு முழுக்க ஆன்லைனில்தான். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்திப் பூட்டிவிட்டால், தர எண்ணுக்கு ஏற்றபடி மேலிருந்து பார்த்து, முதலில் கிடைப்பதைக் கொடுத்துவிடுவார்கள். வரிசைதான் எல்லாம். முதல் சுற்றில் பட்டியலைப் பூட்ட வேண்டிய கடைசி நாளில், அவள் அப்பாவின் செல்போனோடு தனியாகப் பள்ளிக்கு வந்தாள். லேபில் கம்ப்யூட்டரைத் திறந்து, அவளை உட்காரவைத்து, சேலத்தை முதலில் போடு என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் திரையில் முதல் இடத்தில் மாமா பஸ் ஓட்டும் கல்லூரி இருந்தது.

"தப்பாப் போட்டுட்ட பாரு, மாத்து" என்றேன்.

"தப்பு இல்லீங்க மிஸ்."

"என்ன தப்பு இல்ல? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அதை மேல போட்டா அதுதான் கிடைக்கும், சேலம் பக்கமே போகாது, தெரியுமா தெரியாதா?"

"தெரியுமுங்க மிஸ்."

மவுசைப் பிடுங்கப் போனேன். அவள் கையை எடுக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள். மாமா சேர்த்துவிட வேண்டிய ஆட்களில் இன்னும் ஒருவர் குறைகிறாராம். அந்த ஒருவர் வராவிட்டால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம். மறுபடியும் லாரிக்குத்தான் போக வேண்டும் என்று அத்தை போனில் அழுததை இவள் கேட்டிருக்கிறாள்.

"மாமா உன்னைக் கேட்டாரா?"

"கேக்கலீங்க மிஸ். கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பனுங்க. எங்கூட்டுக்கு வந்து காபி குடிச்சுட்டு, கேக்காமயே போயிட்டாரு."

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. அந்த மாமாவைத் திட்டலாம் என்றால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இவளைத் திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு கெஞ்சினேன். "மாமாவுக்கு வேற ஆளை நான் பிடிச்சுத் தரேன், நீ சேலத்துக்குப் போ" என்றுகூடச் சொன்னேன்.

"யாரை மிஸ்?" என்று கேட்டாள்.

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் வகுப்பில் இருந்த மற்றப் பெண்களின் முகமெல்லாம் எனக்கு முன்னால் வந்து போயிற்று.

அம்மாவுக்குப் போன் பண்ணுகிறேன் என்று மிரட்டினேன். அப்போதுதான் அவள் கண் கலங்கியது. "வேண்டாமுங்க மிஸ். அம்மாளுக்குத் தெரிஞ்சா மாமாவுக்குத் தெரிஞ்சிரும். அப்பறம் அவரு எங்கூட்டுப் படி ஏற மாட்டாரு" என்றாள். பட்டியலைப் பூட்டுவதற்கான ரகசிய எண் அப்பாவின் போனில் வந்தது. அவளே அதைப் பார்த்து அடித்தாள். பட்டியல் பூட்டிக்கொண்டது. ஒரு பைசா செலவில்லாமல் படிக்கலாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

ஒதுக்கீடு வந்தது, எதிர்பார்த்தபடியே. அவளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த யாரோ ஒருவருக்குச் சேலத்தில் எலக்ட்ரிக்கல் கிடைத்திருந்தது. அன்று முழுக்க வீட்டில் யாரோடும் நான் பேசவில்லை. ரசத்துக்கு உப்பு போட மறந்து, ஏன் என்று கேட்ட வீட்டுக்காரரிடமும் எரிந்து விழுந்தேன்.

கடைசிச் சுற்று நடக்கும்போது அந்த மாமா பள்ளிக்கு வந்தார். காக்கிச் சட்டை, கையில் பளபளவென்று காகிதம் சுற்றிய ஒரு பெட்டி. அப்போது என் முன்னால் ஓர் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். கடலைக் காட்டில் கூலிக்குப் போகிறவர் அந்த அம்மா. அந்தப் பஸ் கல்லூரி வேண்டாம், இந்த மதிப்பெண்ணுக்கு அரசு கலைக் கல்லூரியில் நல்ல பிரிவாகக் கிடைக்கும் என்று காலையிலிருந்து பேசி, அவரைப் பாதி வழிக்குக் கொண்டுவந்திருந்தேன்.

"டீச்சருக்கு எங்க காலேஜுலருந்து குடுத்துட்டாங்க" என்று மாமா பெட்டியை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். சுவர்க் கடிகாரம். நடுவில் கல்லூரிக் கட்டடத்தின் படம், கீழே சிறந்த வழிகாட்டி ஆசிரியருக்கு அன்புடன் என்று எழுதியிருந்தது. "சேலத்தவிட எங்க காலேஜுதான் அவளுக்குத் தோதுன்னு நீங்கதான் மாத்திப் போட வெச்சீங்களாமா. பாப்பா எல்லார்த்துகிட்டயும் சொன்னாளுங்க. நானாக் கேக்கறதுக்குக் கூச்சப்பட்டுக்கிட்டு வந்துட்டனுங்க அன்னிக்கு. உங்களாலதானுங்க டீச்சர் எம் பொழப்பு நின்னுச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. சொன்னால் அந்தப் பெண் எதை மறைக்கப் பார்த்தாளோ அது அந்த நிமிடமே அவிழ்ந்துவிடும். "சந்தோஷமுங்க" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கசந்துபோய் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அவருடைய வண்டி கேட்டைத் தாண்டும்வரை காத்திருந்தேன். பிறகு அந்த அம்மாவிடம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். அங்கே வாத்தியார்கள் நிற்பதில்லை என்றேன். லேப் சரியில்லை என்றேன். வேலை கிடைக்காது என்றேன். நான் ஒவ்வொன்று சொல்லும்போதும் அவர் மேஜையில் இருந்த கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். அந்தக் கடிகாரத்தைத் தூக்கி உடைக்க வேண்டும்போல இருந்தது. அந்த அம்மாவுக்குக் கோபம்கூட வரவில்லை. மகளின் சான்றிதழ்ப் பையை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"நாங்க கூலிக்குப் போறவங்கதானுங்க டீச்சர். அதுக்காக ஓரவஞ்சனை பண்ணாதீங்க. அந்தப் புள்ளைக்குப் போட்டுக் குடுத்தாப்லயே எம் புள்ளைக்கும் போட்டுக் குடுங்க" என்றார்.