ஆர்டிஸ் சுட்ட இருபத்தேழு வில்லைகள்

ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிடாமல் எந்தப் பிள்ளையையும் ஆர்டிஸ் பேருந்திலிருந்து இறக்குவதில்லை. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே ஒரு கை நீளும், குளிர்சட்டையின் இரண்டு ஓரமும் சேரும், சர்ரென்று ஓர் இழுப்பு. பதினேழு வயதுத் தடியன்கள்கூடத் தாடையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். "எனக்கு மீசை முளைச்சாச்சு ஆர்டிஸ்" என்பான் ஒருவன். "மீசைக்கும் சேத்துத்தான் போடறேன், ஓடு" என்பாள். இருபத்தாறு வருடமாக எங்கள் ஊரின் நான்காம் எண் பள்ளிப் பேருந்து அவள் கையில்தான் இருக்கிறது. எந்த வீட்டில் எந்த நாய் குரைக்கும், எந்த நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவே ஐந்து மணி நேரம் கிடைக்கும். கோடையிலிருந்து அந்த ஐந்து மணி நேரத்தையும் ப்ளன்கெட்டுக்குக் கொடுத்துவிட்டாள். ப்ளன்கெட், மேற்கே ஏதோ ஒரு மாநிலத்தில் ஆளுநராக இருந்தவர். ஜனாதிபதியாக வேண்டும் என்று புறப்பட்டார். அதற்கு முதலில் அவருடைய கட்சி அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வு எல்லா மாநிலத்துக்கும் முன்னால் எங்கள் அயோவாவில்தான் தொடங்கும். கோடையில் அவர் வந்தபோது சந்தைத் திடலில் நிற்க இடமில்லை. அறுவடை முடிவதற்குள் காற்று இறங்கிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முன்பே, பழைய பூக்கடையில் போட்டிருந்த அவருடைய அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். மிச்சமிருந்தது ஆர்டிஸும் அவள் சமையலறைத் தொலைபேசியும்தான்.

வாக்காளரிடம் என்ன பேச வேண்டும் என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கட்சிக்காரர்கள் கொடுத்திருந்தார்கள். அதை அவள் பேருந்தின் கண்ணாடியில் படியும் ஆவியைத் துடைக்க வைத்துக்கொண்டாள். வீட்டின் முன்வாசல் மணியை அவள் அடிப்பதே கிடையாது. பக்கவாட்டுச் சமையல்கட்டுக் கதவைத்தான் தட்டுவாள்.

"ஆர்டிஸ்தான். உள்ள வரலை, பூட்ஸெல்லாம் பனி. ப்ளன்கெட்டுக்கு வந்து நிப்பீங்களா?"

"நல்ல மனுஷன்தான் ஆர்டிஸ். பாக்கலாம். அநேகமா வருவோம்."

"சரி. அப்பச் சரி."

தொடையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இரண்டாவது கேள்வி கேட்க மாட்டாள். அது அவளுடைய பெரிய குறை என்று மாநிலத் தலைநகரிலிருந்து தினமும் கூப்பிட்ட டெரன்ஸ் சொல்வார். பிரசாரத்தில் மிஞ்சியிருந்த ஐந்தாறு சம்பளக்காரர்களில் அவரும் ஒருவர், பேசும்போதே கொட்டாவி விடுகிற மனிதர்.

"எத்தனை பேர் மேடம்?"

"இருபத்தேழு பேர் சரின்னிருக்காங்க."

"உறுதியா?"

"டெரன்ஸ், நீங்க இந்தப் பக்கத்து ஆள் இல்ல. எங்க ஊர்ல முகத்துக்கு நேரா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. என் வீட்டுக்காரர் செத்ததுக்கு அப்புறம் ஒருத்தர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறேன்னு வந்து நின்னார். நானே 'பாக்கலாம்'னுதான் சொன்னேன்."

"இங்க மூணாவது இடமாவது வரலைன்னா அடுத்த வாரம் தேர்வு நடக்கிற நியூ ஹாம்ப்ஷயருக்கு அவர் ப்ளேன் ஏறப் போறதில்ல, மேடம். இங்கயே முடிச்சுக்கிறதுன்னு அவரே சொல்லிட்டார்." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் கொட்டாவி விடவில்லை.

எல்லாம் தெரிந்தவள்தான். தெரிந்தும் கட்சிக் கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை ஓட்ஸும் சாக்லேட்டும் சேர்த்துத் தட்டில் சுட்டுச் சதுரமாக வெட்டினாள். எண்ணி இருபத்தேழு வில்லைகள். ஒவ்வொன்றையும் மெழுகுத்தாளில் மடித்துப் பெயர் எழுதினாள். "அத்தனை பேரும் வருவாங்கன்னா நினைக்கிற?" என்று பக்கத்து வீட்டிலிருந்து போயிருந்த நான் கேட்டேன். தொண்டை கட்டிப்போய்க் குரலே எழும்பவில்லை அவளுக்கு. இரண்டு காலையும் வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சரின்னு சொன்னாங்கல்ல. சொன்னவங்களுக்குச் செய்யணும்" என்றாள்.

இதற்கு முன் அவள் ஐந்து பேருக்காக வீடு வீடாகப் போயிருக்கிறாள். ஐந்து பேரும் தோற்றார்கள். அவர்கள் பெயர் போட்ட பிளாஸ்டிக் பலகைகள்தான் இன்று அவள் நாய்க்கூண்டுக்குக் கூரை. மழை ஒரு சொட்டு ஒழுகாது. ராசியில்லாதவள் என்று ஊரில் சொல்வார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தோற்கிற ஆள் என்று தெரிந்து அவள் யாரையும் பிடித்ததில்லை. பிடித்த ஆளைப் பாதியில் விட்டதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கட்சிக் கூட்டத்தில் ஓட்டுச் சீட்டுப் போடுவது கிடையாது. மாலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்தின் பந்தாட்டக் கூடத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். அவரவர் தங்கள் ஆளுக்குரிய மூலையில் போய் எல்லோர் கண்ணெதிரே நிற்க வேண்டும். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத மூலை கலைந்துவிடும். ஓட்டில்லாதவர்களுக்குச் சுவரோரம் பெஞ்சு உண்டு. நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

அன்று வந்தவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேர் சேர்ந்தால் மூலை பிழைக்கும் என்று நூலகத்து ஜோலீன் அறிவித்தாள். கூட்டத்தை நடத்துவது அவள்தான். ஆர்டிஸ் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்று, பேருந்தில் தலை எண்ணுவதுபோல் விரலை நீட்டி எண்ணினாள். தன்னையும் சேர்த்துப் பதினேழு. மறுபடி எண்ணினாள். பதினேழுதான்.

வில்லையில் அவள் பெயர் எழுதி வைத்திருந்தவர்களில் மூன்று பேர் பனிக்குப் பயந்து வரவேயில்லை. எட்டுப் பேர் வந்திருந்தார்கள், வேறு மூலைகளில். ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கலைந்தவர்கள் இடம் மாற அரை மணி நேரம் கொடுப்பார்கள். அதற்குள் வேறு மூலையிலிருந்து ஒருவரை இழுத்துவிட்டால் போதும். எதிர் மூலையில் நூறு கிலோ உடம்போடு கால்நடை மருத்துவர் ஹார்லன் நின்றார். அவர் பக்கம் நாற்பதுக்கு மேல்.

"ஆர்டிஸ், இங்க வாயேன்! எங்ககிட்ட காபி இருக்கு, ஜெயிக்கிற ஆளும் இருக்கார்!"

"உன் காபிய உன் கன்னுக்குட்டியே குடிக்காது ஹார்லன்."

"நாய்க்கூண்டுக்கு இன்னொரு பலகை சேந்துடுச்சுன்னு சொல்லு!"

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள், சத்தமில்லாமல். பிறகு நேராக ஹார்லன் மூலைக்குள் நடந்தாள். அங்கே வென்டல் நின்றிருந்தார். எண்பத்திரண்டு வயது, வான்கோழிப் பண்ணை வைத்திருந்தவர், இடுப்பெலும்பு மாற்றி ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் சவாரி முடிந்ததும் அவர் வாசல் பனியை வாரிப் போட்டவள் ஆர்டிஸ். அவளைப் பார்த்து அவர் சொன்ன 'சரி' மற்றவர்கள் சொன்னதுபோல் அல்ல. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. இப்போது பக்கத்தில் மருமகள் நின்றாள். மகனுக்கு ஹார்லனிடம் வேலை.

கேட்டுவிடுவாள் என்று நான் நினைத்தேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும், அந்த மனிதர் தடியை ஊன்றிக்கொண்டு கூடத்தைக் கடந்திருப்பார்.

"இடுப்பு எப்படி இருக்கு வென்டல்?"

"பரவால்லம்மா."

"ரொம்ப நேரம் நிக்காதீங்க. நாற்காலி கேளுங்க."

அவ்வளவுதான். தொடையைத் தட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். தன் மூலையில் நின்ற பதினாறு பேரையும் பார்த்து, "போதும், நின்னாச்சு. பிடிச்ச பக்கம் போங்க. நாளைக்குக் காலைல எல்லாருக்கும் வேலை இருக்கு" என்றாள். முதலில் யாரும் நகரவில்லை. பிறகு ஒருவர், பிறகு இரண்டிரண்டு பேராக. கடைசியில் வளையத்துக்குக் கீழே அவள் மட்டும்.

"ஆர்டிஸ், நீ எந்தப் பக்கம்?" என்று ஜோலீன் கேட்டாள்.

"இங்கதான்."

"அது கணக்குல வராதும்மா."

"வர வேண்டாம். நின்னுக்கிறேன்."

இரண்டாம் எண்ணிக்கை முடிகிறவரை நின்றாள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றி மாற்றி நின்றாள். அவள் சட்டைப்பையில் தொலைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. டெரன்ஸாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை.

கூட்டம் கலைகிற நேரம் தட்டை எடுத்துக்கொண்டாள். தன்னோடு நின்ற பதினாறு பேருக்கும் முதலில். பிறகு கூடத்தின் குறுக்கே போய், மற்ற மூலைகளில் நின்றவர்களிடம் மெழுகுத்தாளில் இருந்த பெயரை வாசித்து வாசித்துக் கொடுத்தாள். "எடுத்துக்கோங்க, உங்க பேர்ல செஞ்சது." குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. தொண்டை கட்டிய குரல். சிலர் நன்றி என்றார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். ஹார்லன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "எனக்கு இல்லியா?" என்றார். "நீ எனக்குச் சரின்னே சொல்லலியே" என்றாள். அவர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

வென்டல் வாசல்கதவருகே வெளியில் கொட்டும் பனியைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஒரு கையில் தடி, மறு கையில் கையுறை. வண்டியெடுக்க மருமகள் போயிருந்தாள்.

"எனக்கு வேண்டாம்மா. நான் எந்த முகத்த வெச்சுக்கிட்டு வாங்கிக்கிறது?"

ஆர்டிஸ் வில்லையை அவர் சட்டைப்பைக்குள் போட்டாள். குளிர்சட்டை திறந்து கிடந்தது. தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்தாள். எண்பத்திரண்டு வயது மனிதர் தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கழுத்துவரை ஜிப்பை ஏற்றிவிட்டு, கதவைத் திறந்து பிடித்தாள்.