பால்காரர் வீட்டில் சோயாப் பால்

பசியில் இருப்பவர்கள் திட்டுவதற்கென்றே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு டயட்டீஷியன் என்று பெயர். என்னைப் போலவே திட்டு வாங்கும் சக டயட்டீஷியன்களே, சர்க்கரை இல்லாத டீயை முகம் சுளித்துக் குடிப்பவர்களே, இது நம் எல்லோருக்கும் பொதுவான கஷ்டம். நான் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, கடலூரில் ஒரு சின்ன கிளினிக்கில் உட்கார்ந்து கஷ்டப்படுகிறேன். வந்தவர்களில் தனலட்சுமி அம்மாவை மட்டும் மறக்கவே முடியாது.

வாங்காத பால்

அண்ணாகிராமம் பக்கத்திலிருந்து கணவர் சேகரோடு வந்தார். முழங்கால் வலி. எடை குறைந்தால் ஆபரேஷன் இல்லாமலே உட்கார்ந்து எழலாம் என்று டாக்டர் அனுப்பியிருந்தார். "கீழ ஒக்காராம என் பொழப்பு ஓடாது மேடம்" என்று சொல்லும்போதே அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது.

வீட்டில் பால் எவ்வளவு செலவாகும் என்று கேட்டேன். "நாங்க பாலே வாங்கறதில்ல" என்றார். பரவாயில்லையே என்று மனம் குளிர்ந்து போனேன். மாதம் ஓடியும் எடை இம்மியும் குறையவில்லை. துருவித் துருவிக் கேட்டதில், காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு, ஏடு மிதக்க, சர்க்கரை போட்டு உள்ளே போவது தெரிந்தது. வாங்குவதில்லை என்றீர்களே என்று குரலை உயர்த்தினேன். சேகர் பொறுமையாகச் சொன்னார்: "நாங்க பால் விக்கிறவங்க மேடம். நாங்க எதுக்கு வாங்கணும்?"

தரப் பரிசோதனை

ஏடு எடுத்து, சர்க்கரை போடாமல், ஒரே ஒரு டம்ளர் என்றேன். பசும்பாலை அப்படிக் குடிக்க மனசு வராது என்றார் அந்த அம்மா. சரி, சர்க்கரை சேர்க்காத சோயாப் பால் குடியுங்கள், இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம் என்றேன். வந்தது வினை.

பால்காரர் வீட்டில் சோயாப் பால் பாக்கெட் கிடந்தால், இதைத்தான் கலந்து விற்கிறான் என்று ஊர் பேசாதா? சேகர் அதைத் தவிட்டு மூட்டைக்குள் ஒளித்து வைத்தாராம். அதோடு விடவில்லை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டரை அதில் மிதக்கவிட்டிருக்கிறார். என் பஸ் சிப்காட்டைத் தாண்டும்போது போன் வந்தது. குரலில் அவ்வளவு அனுதாபம்: "மேடம், உங்கள எவனோ நல்லா ஏமாத்திட்டான். இதுல தண்ணி ஜாஸ்தி."

சுற்று வழி

அடுத்த முறை எடை ஏறியிருந்தது. சோயாப் பால் குடித்தீர்களா என்றேன். தனலட்சுமி அம்மா தலையை ஆட்டினார், என் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. வாசனை பிடிக்காமல் மாட்டுத் தொட்டியில் ஊற்றியிருக்கிறார். மாடு ருசித்துக் குடித்திருக்கிறது. அந்த மாட்டின் பால் வழக்கம்போல இவர் சொம்பில். எனக்குக் கோபம் வந்தது. அவருக்குச் சந்தேகம் வந்தது: "நேரா குடிச்சா இன்னா, மாடு வழியா குடிச்சா இன்னா மேடம்?"

நைட்டி

பிறகு ஒரு நாள் சேகர் தனியாக வந்தார். முகம் செத்துப் போயிருந்தது. அவர்கள் வீட்டுச் செவலைப் பசு தனலட்சுமி அம்மாவின் கை பட்டால்தான் சுரக்கும். அவருக்கோ இப்போது சுத்தமாகக் கீழே உட்கார முடியவில்லை. சேகர் கிட்டே போனால் உதைக்கிறது. வேறு வழியில்லாமல், மனைவியின் பூப்போட்ட நைட்டியை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பசு ஏமாந்து சுரந்துவிட்டது. பால் வாங்க வந்த சனங்கள் ஏமாறவில்லை.

கொட்டகைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதைப் பார்த்துப் பார்த்து மனைவி அழுகிறார் என்றும் சொன்னார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார்: "எப்படியாவது அவள எளைக்க வையிங்க மேடம். எனக்கு மானம் போவுது."

ஆள் அடையாளம்

அன்றிலிருந்து சேகரே காவல். ஏடு எடுத்த பால், ஒரு டம்ளர், சர்க்கரை கிடையாது. மிச்சமாகும் சொம்புப் பால் வீணாகக் கூடாதே என்று சர்க்கரை போட்டுத் தானே குடித்தார். சில மாதங்களில் தனலட்சுமி அம்மா இளைத்து வந்து, என் அறையில் தரையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து காட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனிமேல் நீங்களே கறக்கலாமே என்றேன்.

அவர் முகம் வாடியது. அதே நைட்டியோடு போனாலும் பசு முட்ட வருகிறதாம். நைட்டி இவருக்குத் தொளதொளவென்று தொங்குகிறது. சேகருக்கு இப்போது கச்சிதம். "நான் யாருன்னே அதுக்குத் தெரியல மேடம். அதப் பொறுத்தவரைக்கும் நான்னா அவருதான். கொஞ்சமா திரும்ப ஏத்திக்க ஏதாச்சும் டயட் இருக்கா?"

இத்தனை வருஷத்தில் நான் சொன்னபடி முழுசாக இளைத்தவர் அவர் ஒருவர்தான், அதையும் ஒரு பசு ஒப்புக்கொள்ளவில்லை.