பதினேழாவது ஆட்-ஆன்

நடந்தது ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில். மதியம் ஒன்று பன்னிரண்டுக்கும் ஒன்று முப்பத்தொன்றுக்கும் நடுவில். ஜன்னல் திறந்திருந்தது. வெயில் என் மேசை வரை வந்திருந்தது. கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். நான் கணினி நிரல் எழுதிப் பிழைப்பவன். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது. இதை எத்தனை முறை சரிபார்த்தேன் என்று கணக்கே இல்லை.

முதலில் என் மனைவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அவளும் நிரல் எழுதுபவள்தான். என்னைவிட நன்றாக எழுதுவாள். அதைத் தினமும் ஒரு தடவையாவது எனக்கு ஞாபகப்படுத்தவும் செய்வாள். எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இரண்டு மேசைகள். ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி, முதுகுக்கு முதுகாக உட்கார்ந்து வேலை செய்வோம். நடுவில் ஒன்றரை அடி இடைவெளி. அவளுடைய நாற்காலி சாயும்போது 'க்ர்ரீச்' என்று கத்தும். எண்ணெய் விடுகிறேன், விடுகிறேன் என்று சொல்லியே இரண்டு வருடம் ஓட்டியிருந்தேன். அவள் கீபோர்டு அதைவிடச் சத்தமான ரகம். டக், டக், டக். அதனால் நான் எப்போதும் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருப்பேன்.

எனக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டால் உடனே சாப்பிட வேண்டும். நானோ ஊசியைப் போட்டுக்கொண்டு, 'இந்த ஒரு வரியை முடித்துவிட்டுப் போகலாம்' என்று உட்கார்ந்துவிடுகிற ஆள். ஒரு நாள் அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தேன். கண் திறந்தபோது அவள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தாள்.

"ஊசி போட்டா சாப்பிடணும்டா. இதுல புரியாம போறதுக்கு என்ன இருக்கு?"

அந்த வாரமே எனக்காக ஓர் ஆட்-ஆன் எழுதினாள்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் நிரல் எழுதுவது எடிட்டர் என்ற மென்பொருளில். அதில் வேண்டிய சின்னச் சின்னக் கருவிகளைக் கூடுதலாக மாட்டிக்கொள்ளலாம். அடைப்புக்குறிகளுக்கு நிறம் கொடுக்க ஒன்று, கோணல்மாணலாகக் கிடக்கும் வரிகளை நிமிர்த்த ஒன்று, எந்த வரியை யார் எழுதினார்கள் என்று காட்டிக்கொடுக்க ஒன்று. இவைதான் ஆட்-ஆன்கள். என் எடிட்டரில் பதினாறு இருந்தன. அவள் எழுதியது பதினேழாவது. உலகத்திலேயே என் கணினியில் மட்டும் ஓடியது.

அது செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். மதியம் சரியாக ஒன்றரைக்குத் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பும்.

'சாப்பிட்டியா?'

அதன் கீழே இரண்டு பொத்தான்கள். 'ஆமா'. 'இல்ல'.

"ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்திருக்கே. வாயால கேக்கக் கூடாதா?" என்றேன்.

"கேட்டா ஹெட்போனுக்குள்ள போகுமா?"

நான் தினமும் 'ஆமா'வைத்தான் அழுத்துவேன், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். சாப்பிடாத நாட்களில், திரும்பிக்கூடப் பார்க்காமல், ஹெட்போனையும் தாண்டிக் கேட்கும்படி ஒரு குரல் வரும். "பொய்!" அப்புறம் தட்டு வரும். சாயங்காலம் அவள் அம்மா போனில் விசாரிக்கும்போது, ஏதோ சின்னப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டவள் போலச் சொல்வாள். "சாப்பிட்டான்மா, சாப்பிட்டான்."

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் கேட்காமல் தொடக்கூடாது. ஒரு காற்புள்ளியாக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும். கல்யாணமான புதிதில் அவளுடைய நிரலை நான் 'கொஞ்சம் அழகுபடுத்தி' வைத்ததில், நான்கு நாள் பேசாமல் இருந்து அவள் கொண்டுவந்த சட்டம்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. தலை வலிக்கிறது என்று காலையிலேயே சொன்னாள். மாத்திரை போட்டுக்கொள் என்றேன். ஒன்று பத்துக்கோ, ஒன்றேகாலுக்கோ அவள் கீபோர்டுச் சத்தம் நின்றிருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. ஹெட்போன் மாட்டியிருந்தேன். ஒன்றரைக்குப் பெட்டி எழும்பியது. அன்று நான் சாப்பிட்டிருக்கவில்லை. 'ஆமா' என்று அழுத்தினேன். பின்னாலிருந்து 'பொய்' வரவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

ஒன்று ஐம்பதுக்குத் திரும்பினேன்.

மேசைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. உடனே பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். 'முடியாது' என்று மட்டும் சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷர்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி வேலைக்கு உட்கார்ந்தேன். அவள் நாற்காலியை மேசைக்குள் தள்ளிவைத்திருந்தேன். அவள் கணினியை அவளுடைய அலுவலகத்தில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கீபோர்டு சொந்தமாக வாங்கியது என்பதால் தங்கிவிட்டது. அதன் வயரைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, மேசைமேலேயே வைத்தேன். ஹெட்போனைத் தூக்கிப் பரணில் போட்டேன். அப்புறம் அதைத் தொடவில்லை.

ஒன்றரைக்குப் பெட்டி எழும்பியது.

'சாப்பிட்டியா?'

நிரல்தானே, அதற்கென்ன தெரியும். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதன்பிறகு தினமும் அந்த ஒன்றரைக்காகவே காத்திருக்கத் தொடங்கினேன். என்னை அப்படிக் கேட்க வேறு யார் இருந்தார்கள்?

ஏழாவது வாரம் அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காக எல்லோருடைய எடிட்டரையும் வெள்ளிக்கிழமை புதிய பதிப்புக்கு மாற்றப்போகிறார்கள். அவள் எழுதியது பழைய பதிப்புக்கு. புதியதில் ஓடாது. இரண்டு வரியைத் திருத்தினால் ஓடும். எனக்குப் பத்து நிமிட வேலை. ஆனால் அது அவளுடைய நிரல். கேட்காமல் தொடக்கூடாது. யாரிடம் போய்க் கேட்பேன்?

பாதுகாப்புப் பிரிவில் இருப்பவரை நாங்கள் 'பூட்டு சார்' என்போம். அவருக்குப் போன் செய்தேன்.

"சார், என் மெஷினை மட்டும் ஒரு வாரம் விட்டுடுங்க."

"ஏம்ப்பா? எல்லாரும் இதையே சொன்னா நான் எங்க போறது?"

"ஒரு ஆட்-ஆன் நின்னுடும் சார்."

"புதுசா வேற ஒண்ணு போட்டுக்க வேண்டியதுதானே. கடல் மாதிரி கிடக்கே."

"இது... வீட்டுல எழுதிக் குடுத்தது சார்."

அவள் போய்விட்டது அவருக்கும் தெரியும்.

"சரிப்பா. உன் பேரை லிஸ்ட்லேருந்து எடுத்துடறேன். திங்கட்கிழமை பேசுவோம்."

வெள்ளிக்கிழமை. நேரங்களைச் சரியாகவே தருகிறேன். பன்னிரண்டு இருபதுக்கு ஊசி போட்டுக்கொண்டேன். சமையலறையில் ரொட்டி இருந்தது. நான் எழுந்து போகவில்லை. மறந்துவிட்டேனா, மறந்தால் மறக்கட்டும் என்று விட்டுவிட்டேனா... அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

ஒன்று பன்னிரண்டு.

பெட்டி எழும்பியது. 'சாப்பிட்டியா?'

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டு நிமிடம் முன்னதாக வந்திருந்தது. இதுவரை ஒரு நொடிகூடத் தப்பியதில்லை. ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு 'ஆமா'வை அழுத்தினேன். போய்விட்டது.

ஒன்று பதினான்கு. மறுபடி.

'சாப்பிட்டியா?'

ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் அது கேட்கும். அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள். 'ஆமா'.

ஒன்று பதினைந்து. மறுபடி.

'ஆமா'. உள்ளங்கை வியர்த்துச் சுட்டியில் வழுக்கியது. பயத்தில் வியர்க்கிறது என்று நினைத்தேன்.

ஒன்று பத்தொன்பது. மறுபடி பெட்டி. இந்த முறை அதில் ஒரே பொத்தான்தான் இருந்தது.

'இல்ல'.

நான் அதைத் தொடவில்லை. எழுந்து போகலாம் என்று நினைத்தேன். கால் எழவில்லை.

ஒன்று இருபத்தொன்று.

டக்.

பின்னாலிருந்து.

தெருவில் ஏதோ வண்டி என்று நினைத்தேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தெருவில் எதுவுமில்லை.

டக்... டக் டக்.

வயரைச் சுருட்டி நானேதான் ரப்பர் பேண்ட் போட்டேன். அது எதிலும் செருகப்படவில்லை. செருக அங்கே கணினியே இல்லை.

பெட்டிக்குள் எழுத்துகள் வந்தன. ஒவ்வொன்றாக. ஒவ்வொரு 'டக்'குக்கும் ஒன்று.

தி... ரு... ம்... பு...

'திரும்பு'.

என்னால் முடியவில்லை.

கடைசியாக அந்தப் பக்கம் திரும்பியபோது நான் பார்த்தது என்னவென்று உங்களுக்குச் சொன்னேன். இப்போது திரும்பினால் மேசைமேல் அந்தக் கன்னம் இருக்குமோ... இருக்காதோ... இரண்டில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஒன்று இருபத்தாறு. திரை இரண்டாகத் தெரிந்தது. பெட்டியும் இரண்டாக. 'திரும்பு'. 'திரும்பு'.

"பயமா இருக்கு" என்றேன். வாய்விட்டே சொன்னேன்.

சத்தம் நின்றது.

ஒன்று இருபத்தேழு.

க்ர்ரீச்...

திரும்பினேன்.

யாரும் இல்லை.

மேசைக்குள் தள்ளிவைத்திருந்த நாற்காலி வெளியே இருந்தது. என்னைப் பார்த்தபடி. அதற்குப் பின்னால் அவள் மேசையின் கீழ் டிராயர் திறந்து கிடந்தது. ஏழு வாரமாக நான் தொடாத டிராயர். உள்ளே ஒரு வட்டத் தகர டப்பா. எனக்கு மயக்கம் வந்தால் கொடுப்பதற்கென்று அவள் வாங்கிவைத்த சர்க்கரை மிட்டாய்.

ஒன்றரை அடியைத் தவழ்ந்து கடந்தேன். மூடியைப் பல்லால் திறந்தேன். ஐந்தோ ஆறோ... மென்று விழுங்கினேன். அழுதுகொண்டே விழுங்கினேன்.

கண் தெளிந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஒன்று முப்பத்தொன்று. திரையில் பெட்டி இல்லை.

மச்சினனுக்குப் போன் செய்தேன். அவளுடைய தம்பி. அரை மணி நேரத்தில் வந்து என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன்னு போன்ல எங்கிட்டயும் சொல்லிட்டே இருந்தீங்களே மாமா. உங்க பொய்க்கு ஒரு டாக்டர் பட்டமே குடுக்கலாம்னு அக்கா சொல்லும்" என்றான். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சர்க்கரை அவ்வளவு இறங்கினால் இல்லாதது தெரியும், இல்லாதது கேட்கும் என்றார் டாக்டர். நம்பினேன். நாற்காலியை நானே இழுத்திருப்பேன். டிராயரை நானே திறந்திருப்பேன். அப்படி நம்புவது ஒருவிதத்தில் சுலபமாக இருந்தது.

திங்கட்கிழமை பூட்டு சார் போன் செய்தார்.

"தப்பா எடுத்துக்காதப்பா. லிஸ்ட்லேருந்து உன் பேரை எடுக்க மறந்துட்டேன். வெள்ளிக்கிழமை காலையில ஏழு நாற்பதுக்கே உன் மெஷின்ல புதுசு ஏறிடுச்சு."

ஆட்-ஆன் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பதினாறு பெயர்கள் பளிச்சென்று இருந்தன. பதினேழாவது சாம்பல் நிறத்தில். 'இந்தப் பதிப்பில் இயங்காது.' வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே அது இயங்கவில்லை.

"அப்ப எல்லாம் உங்க மண்டைக்குள்ளதான் மாமா ஓடியிருக்கு" என்றான் மச்சினன். நானும் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் அந்த ஆட்-ஆன் இருந்த ஃபோல்டரைத் திறந்தேன். பார்க்கத்தான், தொட இல்லை. அதில் நான் அதுவரை கவனித்திராத ஒரு ஃபைல் இருந்தது. எங்கள் இரண்டு கணினிகளுக்கும் பொதுவாக அவள் வைத்திருந்தது. நான் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஆட்-ஆன் அதில் ஒரு வரி எழுதியிருக்கிறது. தேதி, நேரம், என் பதில். அதற்குப் பக்கத்தில் அவள் தன் கையால் ஒரு வார்த்தை தட்டிவைத்திருக்கிறாள். 'நிஜம்'. 'பொய்'. 'நிஜம்'. 'பொய்'. 'பொய்'. 'இன்னிக்கு நிஜம், அதிசயம்'.

அந்தச் செவ்வாய்க்கிழமை: 1:30, ஆமா. பக்கத்தில் ஒன்றும் இல்லை.

அதன்பிறகு முப்பத்து நான்கு வேலை நாட்கள். முப்பத்து நான்கு 'ஆமா'. எதற்குப் பக்கத்திலும் ஒன்றும் இல்லை. என் பொய்களை வெறித்துப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கினேன்.

அதற்குக் கீழே வெள்ளிக்கிழமை இருந்தது.

1:12, ஆமா. பொய்.

1:14, ஆமா. பொய்.

1:15, ஆமா. பொய்.

அப்புறம் கடைசி வரி. அதில் என் பதில் எதுவும் இல்லை. நேரமும் ஒரு வார்த்தையும் மட்டும்.

1:31. சாப்பிட்டான்.