பதினேழு சுற்று

எங்கள் வீட்டில் நூலை அறுக்க மாட்டோம். சிக்கு விழுந்தால் நுனியைத் தேடிப் பிடித்து, வந்த வழியே திருப்பி எடுப்போம். நாற்பத்தொரு வருடம் வெண்ணந்தூரில் சேலைத் தறிக்கு நெடுக்கு இழை கோத்து பாவு ஓட்டியவன் நான். ஓர் இழை குறைந்தாலும் சேலை நெடுகக் கோடு விழும் என்பதால், எண்ணி முடிக்காமல் சாப்பிட உட்கார்ந்ததில்லை. அந்தப் பழக்கம்தான் கோழி விஷயத்தில் என்னைக் கெடுத்தது.

கோழி என் மனைவியுடையது. தறிச் சத்தத்திலேயே இருந்து அவளுக்குக் காது பாதிக்கு மேல் போய்விட்டது. வாசல் கேட்டைத் திறந்தால் கேட்காது. ஆனால் கேட் திறந்ததும் கோழி சமையற்கட்டுக்கு ஓடி அவள் காலடியில் நிற்கும். பதினெட்டு எட்டில் போய்ச் சேரும். யாரும் பழக்கவில்லை. குஞ்சாக இருந்தபோது வந்த ஆளோடு ஒரு நாய் உள்ளே நுழைந்து துரத்தியது, அன்றிலிருந்து அப்படி. கோழி வந்தால் ஆள் வந்திருக்கிறது என்று அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவாள். நான் பெரும்பாலும் பின்புறம், மகனின் தறிக்கூடத்தில் இருப்பேன்.

போன மாசியில் ஒரு நாள் கேஸ் சிலிண்டர்காரர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். கோழி வரவில்லை. தேடினால் தண்ணீர்த் தொட்டியருகே ஒற்றைக்காலில் நிற்கிறது. வலது நடுவிரலில் பச்சை நூல் இறுகச் சுற்றியிருந்தது. தறிக்கூடத்தில் கூட்டித் தள்ளும் கழிவு நூலில்தான் அது நாள் முழுவதும் கிளறும்.

மனைவி அதைப் பழைய துண்டில் சுருட்டி, தலையை மூடி மடியில் மல்லாத்திக்கொண்டாள்.

“ஏனுங்க, கத்திரியில வெட்டி எடுத்துப்போடுங்க.”

“இரு புள்ள. நுனி கெடைச்சா தானா வந்துரும்.”

“நீங்க நுனி தேடறதுக்குள்ள அது முட்டையே வெச்சுரும்.”

நுனி கிடைத்தது. பதினேழு சுற்று. ஒரு இடத்திலும் அறுபடாமல் எடுத்து என் விரலில் சுற்றி அவளிடம் காட்டினேன். அவள் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டாள். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் விரல் கத்தரிப் பிஞ்சு போல வீங்கியிருந்தது. நகத்துப் பக்கம் கறுத்திருந்தது. தொட்டால் சூடாக இல்லை, சில்லென்று இருந்தது. அதுதான் எனக்குப் பயம் தந்தது. கால்நடை மருந்தகத்து டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

“எத்தனை கோழிங்க ஐயா?”

“ஒண்ணுதானுங்க.”

“இந்தப் பக்கம் பண்ணைக்காரங்க அஞ்சாயிரம், பத்தாயிரம்னுதான் சொல்லுவாங்க. ஒண்ணுன்னு இன்னிக்குத்தான் கேக்கறேன்.” சிரித்துவிட்டு முழுவதும் கேட்டார். “பதினேழு சுத்து எடுத்தீங்க, சரி. எத்தனை நூலுங்க?”

பாவு ஓட்டுகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. நான் சுற்றைத்தான் எண்ணியிருந்தேன்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்துப் பாருங்கள், உள்ளே வேறு நூல் இருந்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும், கறுப்பு நிற்காமல் மேலே ஏறிக்கொண்டே போனாலோ கோழி தீனி எடுக்காவிட்டாலோ தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார். பன்னிரண்டு நிமிடம் ஊறவைத்தோம். துணியில் இழை எண்ணும் கண்ணாடியை எடுத்து விரல் மேல் வைத்தேன். வீக்கத்தின் பள்ளத்துக்குள், சதைக்கு அடியில், மயிரளவு ஒரு மினுக்கம். ஜரிகை. பச்சை நூலுக்கு அடியில் அது தனியாகச் சுற்றியிருந்திருக்கிறது.

“பாவுல ஒத்த இழை போனா ஊரையே கூட்டுவீங்க,” என்றாள் மனைவி. “கொண்டாங்க இங்க.”

கோழியை நான் பிடித்துக்கொண்டேன், நூல் வெட்டும் சின்னக் கத்திரியால் அவள்தான் அறுத்தாள். மூன்று துண்டாக வந்தது. கோழி ஒரு முறை உதறியது, கத்தவில்லை. புண்ணைக் கழுவி மருந்து தடவி வெள்ளைத் துணியைத் தளர்வாகக் கட்டினோம். மண் படாமல் இருக்கக் கூடைக்குள் சாக்கு விரித்து வைத்தோம்.

கறுப்பு எங்கே நிற்கிறது என்று விரலின் மேல் பேனாவால் கோடு போட்டேன். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பார்த்தேன். மூன்றாம் நாள் கோட்டை ஒரு நெல் அகலம் தாண்டியிருந்தது. அன்று மனைவி என்னோடு பேசவில்லை. நான் சொன்னது காதில் விழாததால் பேசவில்லையா, வேண்டுமென்றேவா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் துணியவில்லை. கூடையைச் சமையற்கட்டில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு காலைப்பொழுதில் இருபத்திரண்டு முறை.

அதற்கு மேல் கறுப்பு ஏறவில்லை. பதினோராம் நாள் விரலின் நுனி நகத்தோடு உலர்ந்து தானாக விழுந்தது. சாக்கின் மேல் கிடந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். அவள் கண்ணில் படுவதற்குள் முருங்கை மரத்தடியில் புதைத்தேன்.

இப்போது கோழி நடக்கிறது. ஓடுவதில்லை. என்னைக் கண்டால் மூன்று முழம் தள்ளியே நிற்கிறது.

நேற்று நான் முற்றத்தில் தண்ணீர்த் தொட்டி மறைவில் நூல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தினமும் பொறுக்குகிறேன், தறி தினமும் ஓடுகிறது. கேட்டைத் திறந்து ஒருவர் வந்தார், அவளைப் பார்க்க வந்த ஒன்றுவிட்ட தம்பி. “அக்கா” என்று இரண்டு முறை கூப்பிட்டார். கோழி நிமிர்ந்து பார்த்தது. சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தது. எட்டு, ஒன்பது, பத்து. நான் குரல் கொடுத்திருக்கலாம். போய்ச் சேருமா என்று எண்ணிக்கொண்டு நின்றுவிட்டேன். முப்பத்தொன்றாவது எட்டில் அது நிலைப்படி ஏறியது. அதற்குள் வீட்டில் ஆளில்லை என்று நினைத்து அவர் வண்டியை எடுத்துப் போய்விட்டார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். காலியான கேட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க, ஆரோ வந்தாங்களாட்ட இருக்குது?”

“உன் தம்பி,” என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.